அது மருந்தில்லை, பூ

மகள், இதை நீ ஒரே மூச்சில் வாசித்து முடிக்கமாட்டாய். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் முனகிக்கொண்டு படித்த தமிழ் இதற்குப் போதும். விளங்காத இடத்தில் அப்பாவுக்கு ஒரு போன் எடு, அவர் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். திங்கட்கிழமை நீ அந்த ஆற்றங்கரை ஊர் வைத்தியசாலையில் வேலைக்குச் சேருகிறாய். அறுவைச் சிகிச்சைப் பிரிவில் அல்ல, இதயப் பிரிவிலும் அல்ல. ஊசியும் மூலிகையும் மூச்சுப் பயிற்சியும் ஆஸ்பத்திரி மருந்தோடு சேர்த்துப் பார்க்கிற இயற்கை மருத்துவப் பிரிவில். கனடாவிலிருந்து உன் மாமி எடுத்து, "என்னடி, இவ்வளவு காசும் காலமும் போக்கி டொக்டருக்குப் படிச்சது இலைகுழை அரைக்கவே?" என்று கேட்டா. உன்னோடு படித்த பெடியன் ஒருவன் உன்னை மந்திரவாதி என்று கூப்பிடுகிறானாம். இரண்டு பேருக்கும் என் மறுமொழி இதுதான். உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எங்கள் கத்தோலிக்கச் சனத்தின் ஆண்டு மலருக்கும் கொடுக்கிறேன். எங்களைப் போல, அலுமாரியின் ஒரு தட்டில் டொக்டர் தந்த குளிசையும் மற்றத் தட்டில் ஆரோ தந்த தூளும் வைத்திருக்கிற வீடுகள் இங்கே ஜேர்மனியில் நிறைய. அவர்களும் வாசிக்கட்டும்.

அப்பாவின் சிறுநீரகங்கள் பழுதானபோது நீ பள்ளிக்கூடப் பிள்ளை. அவர் டயலிசிஸுக்குப் போய் வந்து சோபாவில் சாய்ந்தால், நீ உன் பாடப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவருடைய காலடியில் இருந்து படிப்பாய். அந்த இயந்திரத்தைப் பற்றி அவரை நோண்டி நோண்டிக் கேட்பாய். நீ டொக்டராக வருவாய் என்று நான் நினைத்தது அப்போதுதான். பிறகு என்னுடைய சிறுநீரகம் ஒன்றை அவருக்குக் கொடுக்கலாம் என்று சொன்னார்கள். கொடுப்பதற்கு முன் ஒரு குழுவின் முன்னால் என்னைத் தனியாக இருத்திக் கேள்வி கேட்டது உனக்குத் தெரியாது. "உங்கள் கணவர் உங்களைக் கட்டாயப்படுத்தினாரா?" என்று ஒருவர் கேட்க, மொழிபெயர்க்க வந்த பிள்ளை அதை எனக்குத் தமிழில் சொன்னா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தங்கச்சி, அந்த மனிசன் சோத்துக்கு உப்புக் காணாதெண்டு சொல்லக்கூட ஏலாத மனிசன். என்னைக் கட்டாயப்படுத்திறதோ? வேண்டாம் வேண்டாமெண்டு அழுதவர் அவர்தான், அதைச் சொல்லுங்கோ" என்றேன். அவ சொன்னா. அந்தக் குழுவில் இருந்த வயதான வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. இயந்திரத்திலிருந்து அப்பா விடுதலையானார். ஆனால் சிரிப்புத் திரும்பி வரவில்லை. கண்ணாடித் தொழிற்சாலை வேலைக்கு இனிப் போக ஏலாது என்று எழுதி ஓய்வூதியம் கொடுத்துவிட்டார்கள். காலையில் எழும்பி, முகம் வழித்து, உடுப்பு மாற்றி, யன்னலடியில் நிற்பார். பகல் வேலைக்குப் போகிறவர்கள் பஸ் ஏறுவதைப் பார்ப்பார். "என்னப்பா யோசிக்கிறியள்?" என்று கேட்டால், "ஒண்டுமில்லை, உம்முடைய கிட்னி உம்மை மாதிரித்தான், ஓயாமல் வேலை செய்யுது. நான்தான் சும்மா இருக்கிறன்" என்பார். அது பகிடி இல்லை என்று எனக்குத் தெரியும். டொக்டர்மாரிடம் அதை அவர் சொன்னதில்லை. அவர்கள் இரத்தத்தைப் பார்த்தார்கள், சிறுநீரைப் பார்த்தார்கள், எல்லாம் திறம் என்றார்கள். கவலையை எந்தக் குழாயில் பிடித்துக் கொடுப்பது?

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கொவால்ஸ்கி அவரை நடக்கக் கூட்டிப்போகத் தொடங்கினார். மனைவியைப் பறிகொடுத்த மனிசன், பழைய சுரங்கத் தொழிலாளி. சுரங்கத்திலிருந்து வெளியே எடுத்த கல்லும் மண்ணும் கொட்டி மலைபோல் எழும்பிய அந்த மேடு இருக்கிறதே, இப்போது புல்லும் மரமும் முளைத்துச் சனம் சைக்கிள் ஓடுகிற இடம், அங்கே இருவரும் ஏறுவார்கள். ஆனி மாதக் கடைசியில் அந்தச் சரிவு முழுக்க மஞ்சள் பூ. கொவால்ஸ்கி ஒரு மொட்டைப் பிடுங்கி விரலுக்கிடையில் நசித்துக் காட்டியிருக்கிறார். மஞ்சள் மொட்டிலிருந்து இரத்தம் போலச் சிவப்புச் சாறு வந்ததாம். "என் மனைவி செத்த பிறகு என்னை எழுப்பி நிறுத்தியது இதுதான்" என்றாராம். ஜேர்மன்காரர் அதை யொஹானிஸ்கிறவுட் என்பார்கள். யொஹானஸ் என்றால் இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த எங்கள் ஸ்நாபக அருளப்பர், அவருடைய திருநாளையொட்டிப் பூப்பதால் அந்தப் பெயர். அருளப்பரின் பெயர் என்றதும் அப்பாவுக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. டொக்டர் துண்டு எழுதித் தரத் தேவையில்லை, கடையில் சவர்க்காரத்துக்கும் தேயிலைக்கும் பக்கத்தில் குளிசையாக விற்கிறார்கள். வாங்கி வந்து கோப்பித்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒளிக்கவில்லை. நானும் பார்த்தேன். படத்தில் அழகான பூ.

மகள், உண்மையைச் சொல்லவேண்டும்: அது அவருக்கு உதவியது. சில கிழமைகளில் யன்னலடியை விட்டு வந்தார். கோவிலில் பாடுகிறவர்களோடு திரும்பவும் போய் நின்றார். ஒருநாள் நான் வேலையால் வர, குசினியில் மீன் பொரிக்கிற மணம். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "இஞ்சேரும், கெதியாய் முகத்தைக் கழுவிட்டு வாரும், ஆறப்போகுது" என்றார். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷ அழுகை. அந்தப் பூவுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்த பரிசோதனையில் கதை மாறியது. கொடுத்த சிறுநீரகத்தை உடம்பு அந்நியன் என்று விரட்டாமல் இருக்க அவர் வாழ்நாள் முழுக்க எடுக்கவேண்டிய மருந்து இருக்கிறதல்லவா, அது இரத்தத்தில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. "குளிசையை ஒழுங்காக எடுக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் அதை ஒருநாளும் தவறவிட்டதில்லை. மணிக்கூட்டில் அலாரம் வைத்து எடுக்கிறவர். திரும்பவும் இரத்தம் எடுத்தார்கள், இன்னும் மோசம். உடனே படுக்க வைத்தார்கள். சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்கத் தொடங்கிவிட்டது என்றார்கள். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்து, நரம்பு வழியாகப் பலமான மருந்து ஏற்றினார்கள். காரணம் மட்டும் ஒருவருக்கும் பிடிபடவில்லை. கோவில் சனத்தில் ஒருத்தி என்னிடம், "எங்கடை உடம்புக்கு இங்கிலிஸ் மருந்து ஒத்துவராது அக்கா, அதுதான் அடிக்குது" என்றா. எனக்கு அப்போது எது சரி எது பிழை என்று யோசிக்கிற நிலைமை இல்லை. என் உடம்பின் ஒரு துண்டு அவருக்குள் செத்துக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

நீ டொக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த மூன்ஸ்டரிலிருந்து ஓடிவந்தாய். அப்பாவுக்குத் துவாயும் சாரமும் எடுத்துவர வீட்டுக்குப் போனவள், கோப்பி போட அலுமாரியைத் திறந்திருக்கிறாய். திரும்பி வந்தபோது உன் கையில் துவாய் இல்லை, அந்தப் பூப்படம் போட்ட போத்தல்தான் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு நோயாளி இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை. "எவ்வளவு நாளாய் இதைக் குடிக்கிறியள்? இது அந்த மருந்தை அடிச்சுக் கலைக்கும் எண்டு உங்களுக்கு ஆரும் சொல்லேல்லையே? அம்மாவின்ரை கிட்னியை ஒரு பூவுக்குக் குடுத்திட்டியளே அப்பா!" என்று கத்தினாய். அப்பா உன்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். மகள், அந்தப் பார்வையை நான் யாருக்கும் விபரிக்கப்போவதில்லை.

சத்தம் கேட்டு அந்தப் பிரிவின் பெண் டொக்டர் வந்தா. நெட்டையான, அதிகம் கதைக்காத மனிசி. போத்தலை உன்னிடமிருந்து வாங்கி வாசித்தா. உன்னைப் போலக் கத்துவா என்று நான் பயந்தேன். அவ ஒரு கதிரையை இழுத்துக் கட்டிலோடு போட்டு இருந்து, "இதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை?" என்று கேட்டா. அப்பா தனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் மெதுவாகச் சொன்னார்: "நீங்கள் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டீர்கள். அது மருந்தில்லை, பூ." டொக்டர் சிரிக்கவில்லை. "அப்படியென்றால் நான் கேள்வியைப் பிழையாகக் கேட்டிருக்கிறேன்" என்றா. பிறகு கேட்டா: "இது உங்களுக்கு உதவியதா?" அவ்வளவு காலமும் அந்த வைத்தியசாலையில் ஒருவரும் அப்பாவிடம் கேட்காத கேள்வி அது. அவர் தலையை ஆட்டினார். பிறகு யன்னலடியில் நின்ற காலைகளைப் பற்றி, பஸ் ஏறுகிறவர்களைப் பற்றி, மனைவியின் உறுப்பை வாங்கி வைத்துக்கொண்டு பிரயோசனமில்லாமல் இருப்பதைப் பற்றி உடைந்த ஜேர்மன் மொழியில் சொல்லத் தொடங்கினார். எனக்கே அரைவாசி புதுச் செய்தி.

நான் உன்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். அந்த நீளமான ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வைத்து உனக்குச் சொன்னது உனக்கு மறந்திராது. "பிள்ளை, நீ கண்டுபிடிச்சது பெரிய காரியம். நீ வராட்டில் அவர் வீட்டை வந்து திரும்பவும் அதைத்தான் குடிச்சிருப்பார். ஆனால் நீ இப்பிடிக் கத்தினால் இனி அவர் என்னத்தைக் குடிச்சாலும் உனக்குச் சொல்லுவாரோ?" நீ, "நான் பயந்திட்டன் அம்மா" என்று சொல்லி, கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டாய். நானும் உன்னோடு நிலத்தில் இருந்தேன். பயத்தில் கத்துகிற சாதி நாங்கள். என்னிடமிருந்துதான் அது உனக்கு வந்திருக்கும். பிறகு நீ போய் அப்பாவின் கட்டிலில் தலையைச் சாய்த்தாய். அவர் மருந்து ஏறாத கையால் உன் தலையைத் தடவி, "எங்கடை வீட்டு டொக்டர் அம்மா நல்லாய்த்தான் ஏசினவ" என்றார்.

பூவை நிறுத்தினார்கள். மருந்தின் அளவு மெல்ல மேலே வந்தது. சிறுநீரகம் பிழைத்தது, முன்னைய அளவுக்கு இல்லை, கொஞ்சம் இழந்துவிட்டது, ஆனால் வேலை செய்கிறது, இன்றைக்கும் வேலை செய்கிறது. அப்பாவின் கவலைக்கு, அந்த மருந்தோடு சண்டை பிடிக்காத வேறு குளிசை கொடுத்தார்கள். கதைத்துக் கவலை ஆற்றுகிற ஒரு ஜேர்மன் பெண்ணிடமும் அனுப்பினார்கள். முதல் நாள் போகமாட்டேன் என்று அடம்பிடித்தவர், பிறகு அந்தப் பெண் நேரம் குறித்துத் தந்த டெர்மினுக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். நான் இதைப் பற்றி நிறைய யோசித்தேன். பூ, இலை, வேர் என்றால் ஒன்றும் செய்யாது, பயமில்லாமல் விழுங்கலாம் என்று எங்கள் சனம் சொல்கிறது. பூ, இலை, வேர் எல்லாம் வெறும் நம்பிக்கை என்று உன் பேராசிரியர்கள் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. அந்தப் பூ பொய்யாக இருந்திருந்தால் அப்பாவுக்குச் சிரிப்பும் வந்திராது, சிறுநீரகமும் பழுதாகியிராது. அது வேலை செய்கிற பொருள். வேலை செய்கிற எதற்கும் பலமும் இருக்கும், பல்லும் இருக்கும்.

கொவால்ஸ்கி விஷயம் கேள்விப்பட்டு, பிளம்ஸ் பழம் அடுக்கிச் சுட்ட கேக்கோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே வரமாட்டேன் என்றார். "நான் அவரைக் கொல்லப் பார்த்துவிட்டேனா?" என்று உன்னிடம்தான் கேட்டார். நீ அவரோடு கோபம் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு வணக்கம் சொல்லாமல் படியால் இறங்கிப் போனவள் நீ. அன்றைக்கு நான் உனக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நீ கேக்கை வாங்கினாய். "உள்ளே வாருங்கள், கோப்பி போடுகிறேன்" என்றாய். மேசையில் அவருக்கு முன்னால் இருந்து, அந்தப் பூவை அவர் எப்போது எடுக்கத் தொடங்கினார், எப்படி எடுக்கிறார், எடுத்தால் என்ன மாதிரி இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். மனைவி செத்த கதையை அவர் முதலிலிருந்து சொன்னார். நீ மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. கோப்பி ஆறி, நான் இரண்டாம் தரம் ஊற்றினேன். கடைசியில்தான் நீ, "அதோடு வேறு என்னென்ன விழுங்குகிறீர்கள்? பூ, எண்ணெய், தேத்தண்ணி எல்லாம் சொல்லுங்கள்" என்றாய். அவர் உள்ளிப்பூண்டு, ஒரு கசப்புச் சாராயம், இதயத்துக்கு ஒரு குளிசை என்றார். எந்தக் குளிசை என்று கேட்டாய். இரத்தம் கட்டிபடாமல் இருக்க எடுக்கிற குளிசை.

உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை, நீ பார்க்க விடவில்லை. அந்தக் குளிசையையும் அதே பூ பலமிழக்கச் செய்யும் என்று அமைதியாக விளங்கப்படுத்தினாய். தானாகவே எதையும் திடீரென்று நிறுத்தவேண்டாம், நிறுத்தினால் குளிசையின் வேகம் கூடிவிடும், நாளைக்கே உங்கள் வீட்டு டொக்டரிடம் போவோம், நானும் வருகிறேன் என்றாய். போனாய். அங்கே பரிசோதித்ததில் அவருடைய இரத்தம் இருக்கவேண்டியதைவிடத் தடிப்பாக இருந்தது. இதயத்தில் கட்டி உருவாகி மூளைக்குப் போக இன்னும் எவ்வளவு காலம் இருந்திருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. கொவால்ஸ்கி இன்றைக்கும் அந்த மேட்டில் ஏறுகிறார், அப்பாவோடுதான். பூவைப் பார்க்கிறார்கள், தொடுவதில்லை. நீ அவரை மேசைக்கு முன்னால் இருத்திக் கதைத்த அந்தப் பின்னேரம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டே நினைத்தேன்: இவள் இப்போதுதான் டொக்டர், பல்கலைக்கழகம் இனி எப்போது பட்டத் துண்டைக் கொடுத்தாலும் பரவாயில்லை.

அதற்குப் பிறகுதான் நீ இந்த இயற்கை மருத்துவப் பக்கம் திரும்பினாய். எல்லாவற்றையும் நம்பத் தொடங்கினாய் என்று மாமி நினைக்கிறா. எனக்குத்தானே தெரியும், நீ முந்தியைவிடப் பொல்லாத ஆள். பக்கத்து வீட்டுத் துருக்கிப் பெண் குழந்தையின் காய்ச்சலுக்குச் சின்ன ஹோமியோபதி உருண்டைகள் கொடுத்தபோது, "அதுக்குள்ளை ஒண்டுமில்லை அம்மா, சீனிதான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவவிடம் போய், "கொடுங்கள், ஆனால் காய்ச்சல் இறங்காவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள்" என்றாய். என் முழங்காலுக்குச் சீன வைத்திய முறையில் ஊசி குத்தக் காப்புறுதியே பணம் கட்டத் தொடங்கியபோது நான் போனேன். நோவு குறைந்தது. நீ ஆராய்ச்சிப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்து, "அம்மா, சரியான இடத்திலை குத்தினாலும் சும்மா ஒரு இடத்திலை குத்தினாலும் கிட்டத்தட்ட ஒண்டுதானாம்" என்று சிரித்தாய். "அப்ப அந்த மனிசன் சும்மா ஒரு இடத்திலை குத்தினதெண்டே வை. என்ரை முழங்காலைப் பற்றி அரை மணித்தியாலம் கேட்டவர் அவர் ஒருத்தர்தான்" என்றேன். உன் சிரிப்பு நின்றுவிட்டது. "அதைத்தான் அம்மா ஆராய வேணும்" என்றாய். எனக்கு அன்றைக்கு உன்மேல் வந்த பெருமையை, வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டேன். இப்போது எழுதுகிறேன்.

புது இடத்தில் உன்னை இரண்டு பக்கத்தாரும் இழுப்பார்கள். ஒரு பக்கம், இரசாயனம் எல்லாம் நஞ்சு என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள். புற்றுநோய்க்குப் பழச்சாறு போதும் என்று சொல்கிறவனும் அந்தக் கூட்டத்தில் இருப்பான். அவனிடம் நீ இரங்காதே, அவனால் ஏமாந்தவரிடம் மட்டும் இரங்கு. மறுபக்கம், நோயாளி சொல்லி முடிக்க முன்பே சிரிக்கிற டொக்டர்மார். அவர்களோடு சண்டைக்குப் போகாதே, உன் வேலையைக் காட்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல உனக்கு வெட்கம் வரக்கூடாது. உதவாததை உதவாது என்று சொல்ல நாக்குத் தடுக்கக்கூடாது. அதைச் சொல்லும்போது கதிரையை இழுத்துப் போட்டு இருந்து சொல். இதைவிட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் செய்கிறவள். ஆனால் சனம் எதைப் பயந்து விழுங்குகிறது, எதை ஆசையோடு விழுங்குகிறது என்று தட்டுகளைப் பார்த்தே எனக்குத் தெரியும். நீ வேலைக்குப் போகும் காலம் நல்ல காலம் என்றுதான் நினைக்கிறேன். முந்தி ஒருவரையொருவர் எட்டிப் பார்க்காத இரண்டு வீடுகள் இப்போது கதவைத் திறந்து வைத்துச் சண்டை பிடிக்கின்றன. சண்டை பிடிக்கிறவர்கள் ஒருநாள் கதைப்பார்கள்.

போன கிழமை அப்பாவின் பரிசோதனைக்கு நானும் போனேன். அந்த நெட்டை டொக்டர் வேறு இடத்துக்குப் போய்விட்டா. புதிதாக ஒரு இளம் பெடியன், உன் வயதுதான் இருக்கும். அவன் கணினியைப் பார்த்தபடி, "மருந்துகள் எல்லாம் முன்போலத்தானே?" என்று கேட்டான். அப்பா, "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் பையைத் திறந்து, தான் வாயில் போடுவது, உடம்பில் பூசுவது எல்லாவற்றையும் மேசையில் ஒவ்வொன்றாக வைத்தார். குளிசைகள், இஞ்சித் தேத்தண்ணிப் பை, கொத்தமல்லி, கடைசியாக ஊரிலுள்ள மடு மாதா கோவிலிலிருந்து உன் பெரியம்மா அனுப்பிய எண்ணெய்ப் போத்தல். பெடியன் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்து எழுதினான். எண்ணெயை முகர்ந்து பார்த்து, "இது எதற்கு?" என்றான். பரிசோதனைக்கு வருகிற நாட்களில் சிறுநீரகம் இருக்கிற இடத்தில் ஒரு துளி பூசுவதாக அப்பா சொன்னார். "நோவுக்கா?" என்று கேட்டான். "இல்லை, பயத்துக்கு" என்றார் அப்பா. அந்தப் பிள்ளை போத்தலை மூடி வைத்தான். பிறகு கணினிப் பக்கம் திரும்பி, நான் பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான்: எண்ணெய், வெளியே பூச, பயத்துக்கு. தட்டிவிட்டுக் கேட்டான், "உதவுகிறதா?"

அப்பா, "ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டார். அவனுக்கு விளங்கியது.